இரும்பு நாரை செத்த அன்னிக்கி

எங்க வூட்டுக்காரர் பேரு சடையன். வயசு அம்பத்திரண்டு. சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குத் தெக்கால எங்க குப்பம். அங்க வந்து சொம்மா "சடையன் வூடு எது"ன்னு கேட்டீங்கன்னா எவனும் சொல்ல மாட்டான், ஏன்னா எங்களுக்குள்ள நாலு சடையன் கீறாங்க. "பொம்மபுக்கு சடையன்"னு கேளுங்க, கைக்கொழந்தகூட எங்க வாசலைக் காட்டும். இந்த மானக்கேட்டோடதான் நான் இருபத்தெட்டு வருஷமா குடித்தனம் பண்ணிகினு கீறேன். என் பேரு ரத்னா. மீன் விக்கிறவ. நான் சொல்றதுல ஒரு வார்த்தை பொய் இருந்தா என் கூடையில ஈ மொய்க்கட்டும். இப்பவும் மொய்க்குது, அது வேற விஷயம்.

அந்தாளு படிக்கிறது ஒரே ஒரு பொம்மபுக்கு. இரும்பு நாரை. கதை இன்னான்னா, ஏகாம்பரம்னு ஒருத்தரு, வானிலை ஆபீசுல குமாஸ்தா. எங்கியாவது யாராவது "ஐயோ"ன்னா போதும், மொட்டை மாடிக்கு ஓடி, இரும்பு றெக்கையை மாட்டிகினு, மூஞ்சில ஒரு முழத்துக்கு இரும்பு மூக்கு வெச்சிகினு பறந்துடுவாரு. மூணு நாளு தூங்காம ஒத்தைக் கால்ல நிப்பாராம், அது ஒரு சக்தியாம். கல்பாக்கம் பஸ்ஸுல தெனம் நான் அப்படித்தான் நின்னுகினு வரேன், என்னை எவன் படம் போட்டான்? அவரோட எதிரி டாக்டர் சேறு. அவனுக்கு ஒலகத்தையே சேத்துல முக்கணும்னு ஆசை. ஏன்டா முக்கணும்னு நாப்பது வருஷமா ஒருத்தனும் கேக்கலை.

இந்த வியாதி ஒம்போது வயசுல புடிச்சிச்சு. பல்லு புடுங்க செங்கல்பட்டுக்குக் கூட்டிகினு போன எங்க மாமனாரு, புள்ளை அழுவாம இருக்கணுமேன்னு பஸ் ஸ்டாண்டு கடையில ஒரு புக்கு வாங்கிக் குடுத்தாரு. பல்லு அன்னிக்கே போயிடுச்சு, புக்கு இன்னிக்கும் போவலை. இப்ப இருநூத்தி அம்பத்தெட்டு புக்கு, ஒரு தகரப் பொட்டியில, வேப்பிலையும் வசம்பும் அந்துருண்டையும் போட்டு வெச்சிகீது. என் கல்யாணப் பொடவையில எலி குட்டி போட்டப்போ "பாவம், வாயில்லா ஜீவன்"னாரு. பொட்டிகிட்ட ஒரு பல்லி போனதுக்கு ஊரையே ரெண்டாக்கினாரு.

என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "படிக்கத் தெரியுமா?" எனக்குப் பெருமை தாங்கலை, எட்டாவது வரைக்கும்னு சொன்னேன். படிச்ச பொண்ணு வேணும்னு கேக்குறாருன்னு எங்கம்மா மூக்கை சிந்திகினு அழுதுச்சு. அப்பால தெரிஞ்சிச்சு, அந்தாளுக்குப் பயம் வேற. படிக்காத பொண்ணுன்னா புக்கைக் கிழிச்சு கருவாடு மடிச்சிடுமாம்.

படிச்ச பொண்ணு நானும் மடிச்சேன். கல்யாணமான ரெண்டாவது வருஷம், அவசரத்துக்கு ஒரு தாளைக் கிழிச்சு நெத்திலிக் கருவாடு மடிச்சு கல்பாக்கம் டவுன்ஷிப்புல வித்துட்டேன். கடைசிப் பக்கமாம். மனுஷன் சாப்பிடலை, பேசலை, ஒத்தைக் கால்ல நின்னாரு. மனசு சரியில்லைன்னா அப்படித்தான் நிப்பாரு. அப்பால நான் மீன் போடுற குவார்ட்டர்ஸ் ஒண்ணொண்ணா கதவைத் தட்டினாரு. பதினேழாவது கதவை ரவிச்சந்திரன் சார் தெறந்தாரு. அணுசக்தி ஆபீசுல பெரிய உத்தியோகம், கண்ணாடி, டை. "கருவாடு மடிச்ச தாளு..."ன்னு இவரு ஆரம்பிச்சாரு. சார் உள்ள போயி, அந்தத் தாளை இஸ்திரி போட்டு ஃபைல்ல வெச்சிருந்ததை எடுத்துகினு வந்தாரு. "இது நூத்திரெண்டாவது இதழோட கடைசிப் பக்கமாச்சே, இதை எந்தப் பாவி கிழிச்சது?"ன்னாரு. ரெண்டு பைத்தியமும் அன்னிக்கே ஒண்ணு சேர்ந்துச்சு. அதுலேர்ந்து சந்தா சார் பேருல வரும். சார் ஒரு நாளு படிச்சுட்டு இவரு கையில குடுப்பாரு. நான் பாவின்னு இன்னி வரைக்கும் சாருக்குத் தெரியாது.

வூட்டுல ஒரு சட்டமும் வந்துச்சு. "மீன் கையோட புக்கைத் தொடாத மே. கை கழுவிட்டு வா." அப்படியா, உன் புக்கும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்னு நான் அந்தப் பொட்டிப் பக்கமே போவலை. கழுவவுமில்லை, தொடவுமில்லை.

ஆசிரியருக்குக் கடுதாசி வேற போடுவாரு. "மதிப்புக்குரிய ஐயா, போன இதழில் சுறாவுக்கு நாலு செவுள் கோடு போட்டுள்ளீர்கள். அஞ்சு இருக்க வேண்டும். மற்றபடி கதை அபாரம்." அதையும் அச்சுல போடுவாங்க, கீழ "சடையன், சதுரங்கப்பட்டினம்"னு. பேங்குல அட்ரஸ் ப்ரூஃப் கேட்டப்போ அந்தப் பக்கத்தை நீட்டினாரு. மேனேஜரு கம்னு என்னைப் பாத்தாரு. நான் ஃபேனைப் பாத்தேன்.

இப்ப வாரேன் விஷயத்துக்கு.

எங்க குப்பத்துல ஒரு கட்டு கீது. யாராவது செத்துட்டா, அடக்கம் ஆவுற வரைக்கும் எந்தப் படகும் தொழிலுக்குப் போவாது. கடல்ல வஞ்சிரம் வந்து கைதட்டிக் கூப்பிட்டாலும் சரி. கோயில் மைக்குல சொன்னா போதும், இறக்கின படகைக்கூட ஏத்திடுவாங்க. இதை மீறினவன் எவனுமில்லை. இதை எல்லாம் பாத்துக்கிறவரு எங்க பஞ்சாயத்துத் தலைவரு பார்த்தசாரதி. ஏழு வருஷத்துக்கு முந்தி இன்ஜின் கெட்டுப் போயி, பதினோரு நாளு நடுக்கடல்ல அலைஞ்சு, ஆந்திராவுல கரையேறினவரு. அவரு செத்துட்டாருன்னு நாங்க துக்கமே கொண்டாடி முடிச்சுட்டோம். திரும்பி வந்தாரு. அந்தப் பதினோரு நாளைச் சொல்லிச் சொல்லியே தலைவரும் ஆனாரு. கல்யாணமா இருந்தாலும் காதுகுத்தா இருந்தாலும் "நான் அலைஞ்சனே பதினோரு நாளு"ன்னு ஆரம்பிப்பாரு, சோறு ஆறிப் போவும்.

போன தையில ஒரு நாளு. சார் முந்தின நாளு சாயங்காலம் புது புக்கைக் குடுத்துட்டு, மூஞ்சியைத் தொடைச்சிகினு போயிட்டாரு. இவரு விடிகாலையில படகுல உக்காந்து செல்போன் லைட்டுல படிச்சிகீறாரு. கூடத் தொழிலுக்குப் போற கிஷோரு வலையைத் தூக்கிகினு வந்தா, இந்தாளு தலையில துண்டைப் போட்டுகினு குலுங்கிக் குலுங்கி அழுவுறாரு.

"இன்னா அண்ணாத்த? இன்னா ஆச்சு?"

"செத்துட்டாருடா."

"யாரு?"

துண்டை இழுத்து மூஞ்சியை மூடிகினு இன்னும் அழுவுறாரு. கிஷோரு நல்ல புள்ளை. அழுவுற மனுஷனைத் துருவக் கூடாதுன்னு தெரியும். நேரா கோயிலுக்கு ஓடி மைக்கைப் போட்டுட்டான். "குப்பத்துல ஒரு சாவு. யாரும் தொழிலுக்குப் போவ வேணாம். பேரு பின்னால அறிவிக்கப்படும்."

பின்னால! அப்படியே நாப்பத்திரண்டு படகும் மணல்ல ஏறிச்சு. ஜனங்க சாவு வூட்டைத் தேடிகினு கிளம்பிச்சு. ஒரு வூட்டுலியும் ஒப்பாரி இல்லை. குப்பத்துலியே வயசானது யாருன்னு யோசிச்சு, தொண்ணூத்தியோரு வயசு வேண்டாக் கெழவி வூட்டுக்கு மாலையோட போயிட்டாங்க. நானும் போனேன், மறைக்க இன்னா கீது. கெழவி நடுவூட்டுல உக்காந்து அஞ்சாவது இட்லி தின்னுகினு இருந்துச்சு. மாலையைப் பாத்துச்சு, எங்களைப் பாத்துச்சு. "எவன்டா எனக்கு நாள் குறிச்சது?"ன்னு முறத்தைத் தூக்கிச்சு பாருங்க, ஐயய்யோ! மாலை வாங்கினவன் முதுகுல இன்னும் தழும்பு கீது.

பத்து மணிக்குத்தான் தெரிஞ்சிச்சு செத்தது யாருன்னு. பக்கத்துக் குப்பத்துக்காரன் அன்னிக்கின்னு பாத்து வவ்வால் மீனா வாரிகினு வந்தான். எங்க ஆளுங்க கரையில நின்னு எச்சில் முழுங்கிகினு பாத்தாங்க. அப்பால எல்லாரும் ஒண்ணா எங்க வூட்டைத் திரும்பிப் பாத்தாங்க.

சாயங்காலம் மீன் ஏலக்கூடத்துல பஞ்சாயத்து. எங்க பஞ்சாயத்துல பொம்பளைங்க பின்னாடி நிக்கலாம், பேசக் கூடாது. நான் தூணைக் கட்டிப் புடிச்சிகினு பல்லைக் கடிச்சிகினு நின்னேன்.

"செத்தது யாரு?"ன்னாரு தலைவரு.

"இரும்பு நாரை, தலைவரே."

"நாரையா? நம்ம மீனைத் திருடித் தின்னுமே, அதுக்கா படகை நிறுத்தின?"

"நான் நிறுத்தலை தலைவரே. அழுதேன், அவ்ளோதான்."

இதுவும் நியாயமாத்தான் பட்டுச்சு. சரி, சாட்சிக்கு அந்த புக்கைக் கொண்டான்னாங்க. இவரு எடுத்துகினு வரவும், சேதி கேட்டு ரவிச்சந்திரன் சாரு ஹெல்மெட்டைக் கழட்டாமலே ஸ்கூட்டர்ல வந்து எறங்கினாரு. தலைவரு சொன்னாருன்னு சத்தமா வாசிக்க ஆரம்பிச்சாரு. நல்ல கொரலு. டாக்டர் சேறு கலங்கரை விளக்கத்துல குண்டு வெச்சுட்டான். இரும்பு நாரை குண்டைக் கால்ல இடுக்கிகினு கடலுக்கு மேல பறக்குறாரு. ஒரு றெக்கை ஒடையுது. ஏலக்கூடத்துல ஒருத்தன் இருமலை. "கீழ போடு, கீழ போட்டுத் தொலை!"ன்னு கிஷோரு கத்துறான். கடைசிப் பக்கத்துல பெரிய வெடி. தண்ணி மேல இரும்பு மூக்கு மட்டும் மெதக்குது. "இரும்பு நாரை இனி இல்லை!" சாரு கண்ணாடியைத் தொடைச்சாரு. அதுக்கப்புறம் அடியில சின்ன எழுத்துல கீறதைப் படிச்சாரு. "முடிவு அடுத்த இதழில்."

"இன்னாயா இது!"ன்னு தலைவரே எழுந்து நின்னுட்டாரு. "ஒடம்பு கெடைச்சுதா இல்லியா?"

"மூக்குதான் கெடைச்சுது"ன்னாரு சாரு.

"ஒடம்பு கெடைக்காம சாவுன்னு எப்படி எழுதலாம்?"

அப்பால ஒரு மணி நேரம் அதான் பஞ்சாயத்து. செத்துட்டாருன்னு பாதிப் பேரு, இல்லைன்னு பாதிப் பேரு. கடைசில தலைவரு தொண்டையைக் கனைச்சிகினு தீர்ப்பு சொன்னாரு. அடுத்த புக்கு வரட்டும். நாரை நெசமாவே செத்திருந்தா, சாவுக்குத்தான் படகு நின்னுச்சு, சடையன் மேல குத்தமில்லை. உயிரோட இருந்தா, பொய்ச் சாவு சொல்லி ஊரு தொழிலைக் கெடுத்தது குத்தம். பொட்டியோட அத்தினி புக்கும் பழைய பேப்பர் கடைக்குப் போவணும்.

சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். பொட்டி போனா அந்த எடத்துல ஒரு கட்டில் போடலாம்.

அடுத்த புக்கு வர ரெண்டு மாசம். அந்த ரெண்டு மாசம் அந்தாளு பட்ட பேஜாரு இருக்கே! நாரை பொழைச்சா பொட்டி போவும். பொட்டி பொழைக்கணும்னா நாரை சாவணும். சோத்துல கை வெச்சா எடுக்க மாட்டாரு. வலை வீசினா ஒத்தைக் கால்ல நின்னு வீசுவாரு, ரெண்டு தடவை தண்ணில வுழுந்தாரு. ஊருல வேற, கண்டவனும் டீக்கடையில பந்தயம். பேசாத ஜனமெல்லாம் பேசுது. "இன்னா ரத்னா, நாரை இன்னா ஆவும்?" நான் இன்னா டாக்டர் சேறா?

ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் கோயில்ல பாத்தேன். கையில கற்பூரம், கண்ணு மூடிகினு நிக்கிறாரு. வெளிய வந்ததும் கேட்டேன்.

"இன்னாயா வேண்டிகின?"

"நாரை பொழைக்கணும்னு."

"அப்ப பொட்டி?"

"போனா போவுது மே. அவரு பொழைக்கட்டும்."

சொல்லிட்டு முன்னாடி நடந்து போயிட்டாரு. எனக்குத் திட்டத்தான் வாய் வந்துச்சு, திட்டாம அவரு பின்னாலியே நடந்தேன். நாப்பத்திமூணு வருஷம் சேத்தது.

பங்குனியில ஒரு நாளு காலைல, டவுன்ஷிப்பு கேட்டாண்ட கூடையை எறக்கி சங்கரா வெட்டிகினு கீறேன். சாரு ஸ்கூட்டர்ல வந்து ஒரு கவரைக் குடுத்தாரு. "ரத்னாம்மா, நேத்தே வந்துடுச்சு. நான் இன்னும் பிரிக்கலை. எனக்கு தைரியம் இல்லைம்மா. சடையன் முதல்ல படிக்கட்டும்"னு சொல்லிட்டு ஆபீசுக்குப் போயிட்டாரு. இந்தாளு கடல்ல கீறாரு, வர மதியமாவும். கவரு என் மடியில. நான் அதைப் பாக்குறேன், அது என்னைப் பாக்குது. "மீனு இன்னா வெலை?"ன்னு ஒரு அம்மா கேட்டுச்சு. "இரும்மா, ஒரு உசுரு ஊசலாடிகினு கீது"ன்னு சொல்லிட்டுப் பிரிச்சுட்டேன். மீன் கையோடதான். செதிலோடதான்.

எழுத்துக் கூட்டிப் படிச்சேன். மூக்கு மெதக்குது. ஊரே அழுவுது. டாக்டர் சேறு பாயசம் குடிக்கிறான், அவன் நாசமாப் போவ. பக்கத்தைத் திருப்புறேன், காணோம். திருப்புறேன், காணோம். இருபத்தாறாம் பக்கத்துல, நடுக்கடல்ல, ஒடைஞ்ச றெக்கை மேல படுத்துகினு, தாடி மீசையோட... யோவ்! கீறாருய்யா!

நான் எப்படிக் குப்பத்துக்கு வந்தேன்னு எனக்கே தெரியாது. பாதி மீனோட கூடையை அங்கியே போட்டுட்டு ஷேர் ஆட்டோ புடிச்சிகீறேன். படகெல்லாம் அப்பதான் கரை ஏறிகினு, ஏலம் நடந்துகினு கீது. நான் புக்கைத் தூக்கிப் புடிச்சிகினு மணல்ல ஓடுறேன். "பொழைச்சிகினாரு! டோய், நாரை உயிரோட கீறாருடா! நாரை கீறாரு!"

ஏலம் நின்னுச்சு. அப்பால கரையே ஓன்னு கத்திச்சு. கிஷோரு ஐஸ் பொட்டி மேல ஏறி ஆடுறான். வேண்டாக் கெழவி பொக்கை வாயால விசிலடிக்குது. எங்க வூட்டுக்காரரு இடுப்பளவு தண்ணில நின்னுகினு "நெசமாவா மே? நெசமாவா?"ன்னு கேட்டு அழுவுறாரு, சிரிக்கிறாரு. அப்பதான் பக்கத்துல தலைவரு நிக்கிறதைப் பாத்தேன். அப்பதான் தீர்ப்பும் ஞாபகம் வந்துச்சு. அட என் வாயில மண்ணு! கம்னு கவரை மடியில செருகிகினு வந்திருக்கலாமில்ல? தோணவே இல்லியே.

சாயங்காலம் ஏலக்கூடம். தகரப் பொட்டி நடுவுல. இந்தாளு அதை அவரே தலையில தூக்கிகினு வந்து வெச்சாரு. பழைய பேப்பர்காரன் தராசோட நிக்கிறான். தலைவரு பாவம் எங்கியோ பாத்துகினு "தீர்ப்பு தீர்ப்புதான்"னாரு. பேப்பர்காரன் கயிறை எடுத்துக் கட்டு கட்ட ஆரம்பிச்சான்.

நான் தூணை வுட்டுட்டேன்.

"நிறுத்துய்யா!"

"ரத்னா, பொம்பளைங்க இங்க..."

"தெரியும் தலைவரே. ஒரே கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன். ஏழு வருஷத்துக்கு முந்தி கடல்ல உன் ஐஸ் பொட்டி மெதந்துச்சே, அதைப் பாத்தது யாரு?"

தலைவரு இந்தாளைத் திரும்பிப் பாத்தாரு.

"இந்தாளு. அந்த ஐஸ் பொட்டியைக் கட்டிப் புடிச்சிகினு கரைக்கு வந்து, இதே மணல்ல உக்காந்து, தலையில துண்டைப் போட்டுகினு 'பார்த்தசாரதி செத்துட்டாரு'ன்னு அழுதது யாரு? இதே ஆளு. மூணு நாளு ஊரே தொழிலை நிறுத்திச்சே. அதுவும் பொய்ச் சாவுதானே? நீ இதோ கல்லாட்டம் ஒக்காந்துகீறியே. அன்னிக்கு இந்தாளுக்கு எவன்யா தண்டனை போட்டது? நீ உயிரோட வந்தப்போ உன்னைத் தோள்ல தூக்கிகினு ஆடினோமா, இல்லை ஏன்டா சாவலைன்னு கேட்டோமா? அன்னிக்கு ஐஸ் பொட்டி மெதந்துச்சு, இன்னிக்கு மூக்கு மெதந்துச்சு. இந்தாளுக்கு அழுவத் தெரியும், தலைவரே. வேற குத்தம் ஒண்ணும் கெடையாது."

தலைவரு குனிஞ்சு தரையைப் பாத்தாரு. துண்டால மூஞ்சியைத் தொடைச்சாரு.

"கட்டை அவுத்துடுடா"ன்னு பேப்பர்காரன்கிட்ட சொன்னாரு. "செத்தான்னு சொன்னவன் திரும்பி வந்தா அது நல்ல சேதி. நல்ல சேதிக்குத் தண்டனை கெடையாது. இனிமே அதான் கட்டு." அப்பால கொரலைத் தாழ்த்தி, "ஆமா, அந்த நாரை எத்தினி நாளு அலைஞ்சிச்சு?"ன்னாரு.

சாரு புக்கைப் பொரட்டிப் பாத்தாரு. "பன்னெண்டு நாள்."

"பன்னெண்டா? புளுகு! நான் அலைஞ்சிகீறேன், எனக்குத் தெரியாதா? பன்னெண்டு நாளு எவனும் தாங்க மாட்டான்!" மறுநாளே தலைவரு ஒரு இன்லேண்டு லெட்டர் வாங்கி, "மதிப்புக்குரிய ஐயா"ன்னு ஆரம்பிச்சு ஆசிரியருக்கு எழுதிட்டாரு. போடுவாங்களான்னு தெனம் வந்து கேக்குறாரு.

பொட்டியை வூட்டுக்கு எடுத்துகினு வந்தோம். ஒரு பக்கம் அவரு, ஒரு பக்கம் நான். அதே எடத்துல எறக்கினோம். புது புக்குல இருபத்தாறாம் பக்கத்துல சங்கராச் செதிலு ஒட்டிகினு இருந்துச்சு, என் கட்டை வெரல் ரேகையோட. பாத்தாரு. போச்சுடா, கத்தப் போறாருன்னு நெனைச்சேன். கத்தலை. அந்தச் செதிலை எடுக்கவும் இல்லை. அப்படியே மூடி வெச்சாரு.

"யோவ்"னேன். "அந்த ஏகாம்பரத்துக்கு மொதல்ல றெக்கை எப்படி வந்துச்சு?"

என்னைத் திரும்பிப் பாத்தாரு. பொட்டிக்குள்ள அடி வரைக்கும் கையை வுட்டு, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல வாங்கின அந்த மொதல் புக்கை எடுத்தாரு. குடுக்க வந்தவரு பாதியில நிறுத்திகினாரு.

"கை கழுவிட்டு வா மே."

சோப்பு போட்டு ரெண்டு தடவை கழுவிட்டு வந்தேன்.